நாலு மணிக்கு மஃரிப்

மச்சான்,

போன சனிக்கிழமை இஷா தொழுதுவிட்டு, தேத்தண்ணிக் கடையில் இருந்துவிட்டு, இரவு ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தபோது மகன் போனில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். "வாப்பா, சாச்சா சொல்லித் திரிஞ்ச இங்கிலாந்துக் கிரவுண்ட் இதுதான்" என்று நீட்டினான். அவனுக்கு நீ சாச்சா. செங்கல் சுவர், தகரக் கூரை, அதன் உச்சியில் வட்ட மணிக்கூடு. நீ சொன்னபடியே இருந்தது. மணிக்கூடு நாலைக் காட்டியது. வானம் இருட்டிக் கிடந்தது.

அந்த ஊரில் கடை வேலை பார்த்துவிட்டுக் கற்பிட்டிக்குத் திரும்பிய பிறகு, தேத்தண்ணிக் கடையில் உனக்கு வேறு கதையே இல்லை. "வாப்பாமார் பிறக்க முந்தியே கட்டின கிரவுண்ட், மச்சான். மில் எல்லாம் மூடிட்டாங்க. ஆனா சனிக்கிழமை வந்தா ஊரே ஜும்ஆக்குப் போற மாதிரி அங்க நடக்கும்" என்பாய். வெளிநாடு போய் வந்தவன் சொல்வதில் பாதியைக் கழித்துத்தான் கேட்பேன். அது என் குணம்.

ஒரு கதையை மட்டும் முழுசாகக் கழித்தேன். நீ அங்கே இருந்தபோது என் மகன் டெங்குவில் நினைவில்லாமல் புத்தளம் ஆஸ்பத்திரியில் கிடந்தானே, அந்த நேரத்துக் கதை. "அண்டைக்கு மூணு மணிக்கு ஆட்டம். இடைவேளையில படிக்கட்டுக்குக் கீழ ஜாக்கெட்ட விரிச்சு மஃரிப் தொழுதன். உன்ட மகனுக்கு அழுது துஆ கேட்டன். திரும்பி வந்து மிச்ச ஆட்டத்தப் பார்த்தன்" என்றாய்.

பொய்யைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பொழுது பட்டதும் தொழுவதுதான் மஃரிப்; இங்கே அது வருசம் முழுக்க ஆறு மணியைச் சுற்றித்தான். நாலு மணிக்கு, பின்நேரத் தொழுகையான அஸர் தொழுத கூட்டமே கலைந்திருக்காது.

"அங்க குளிர் காலத்துல பொழுது வெள்ளனவே போயிரும், மச்சான்."

"உனக்காகப் பொழுது அவசரப்பட்டதா?" என்றேன்.

கடையே சிரித்தது. நீயும் சிரித்தாய். பிறகு அந்தக் கதையை நீ எடுக்கவேயில்லை. அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. மஃரிப் பொய்யென்றால் துஆவும் பொய்தானே. சாகக் கிடந்த என் பிள்ளையை வைத்துக் கதை அளந்தாயே என்ற கோபம் ஆறவில்லை. நீ கண்ணை மூடியபோதும் உன் ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தேன், கண் கலங்கவில்லை.

சனிக்கிழமையும் முதலில் மணிக்கூட்டைத்தான் சந்தேகித்தேன். "பழசு, நிண்டிருக்கும்" என்றேன். "இல்ல வாப்பா, அங்க இப்ப நாலுதான். மஃரிப் ஆகிட்டுது" என்று மகன் அந்த ஊர்த் தொழுகை நேரத்தையும் எடுத்துக் காட்டினான்.

ஏன் நீ வாதாடவில்லை? கேட்ட துஆவைச் சொல்லிக்காட்டியதாகிவிடும் என்று விட்டாயோ? இதுதான் இப்போது என் சந்தேகம். யாரிடம் கேட்டுத் தீர்ப்பேன்?

நேற்று மஃரிபுக்குப் பிறகு உனக்காகக் கையேந்தினேன். அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மகன், "என்ன வாப்பா?" என்றான். உன் பேரைச் சொன்னேன். அவனும் கையேந்தினான்.