பழைய பதிப்பு

மகளுக்கு,

நீ விட்டுப்போன மடிக்கணினியை எடுத்துக்கொண்டேன். கல்லூரியில் நான் பாடம் நடத்திய துறையை மூடிவிட்டார்கள். ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்.

முதல் பாடமே நோட் என்ற மென்பொருளை நிறுவுவதுதான். உன் கணினியில் ஏற்கெனவே அதன் பழைய பதிப்பு இருந்தது. வகுப்பாசிரியர் போனில், "அதை ஏம்மா கட்டிக்கிட்டு அழறீங்க? தூக்கிடுங்க. அஞ்சு நிமிஷ வேலை" என்றார்.

"அதுல என் பொண்ணு ஏதோ செஞ்சு வச்சிருக்கா. அது புதுசுல ஓடுமா?"

"ஓடாமலும் போகலாம். அவங்களையே ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

நீ என் போனை எடுப்பதில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. இரண்டையும் வைத்துக்கொள்ள வழி கேட்டேன். சொன்னார். அரைநாள் ஆனது.

பிறகு பழைய பதிப்பில் உன் கோப்பை ஓட்டினேன். விடைத்தாள் மதிப்பெண்களைக் கூட்ட எனக்காக நீ செய்த பக்கம் திறந்தது. நீ அதைக் காட்ட வந்த அன்று, "இதெல்லாம் ஒரு படிப்பா?" என்றேன், திறந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள்தான் நீ வீட்டைவிட்டுக் கிளம்பினாய்.

இப்போது என்னிடம் விடைத்தாள்கள் இல்லை. மனதில் தோன்றிய எண்களைப் போட்டேன். காகிதத்திலும் கூட்டிப் பார்த்தேன்.

சரியாகத்தான் வருகிறது.

அம்மா