இருவரில் காவலில் இருப்பவர் யார்?

ஜனவரி 5, திங்கள்

மூடுபனி. எட்டாவது மாடியிலிருந்து கால்வாய் தெரியவில்லை. எதிர்க் கட்டடமும் பாதிதான். லென்ஸைத் துடைத்து வைத்தேன். பேட்டரி சார்ஜில்.

ஓய்வுபெற்று, இந்த வங்காளத்து நியூ டவுனுக்குக் குடிவந்தபின் நான் பழகிக்கொண்ட ஒரே பொழுதுபோக்கு இது: விலங்கோ மனிதரோ, தம்மை அறியாமல் வேடிக்கையாக இருக்கும் கணத்தைப் படமெடுத்தல். துறைமுகத்தின் சட்டப் பிரிவில் காலமெல்லாம் சிரிப்பே வராத காகிதங்களைப் படித்ததற்குப் பரிகாரம் என்கிறாள் மனைவி வசந்தா. மறுப்பதற்கில்லை.

இன்று கிடைத்தவை:

புல் வெட்டுபவரின் பின்னால் நான்கு உண்ணிக்கொக்குகள், மேற்பார்வைப் பொறியாளர்களைப் போல.

கிழிந்த பள்ளி ஸ்வெட்டர் அணிந்த ஆடு. பாக்கெட்டில் பள்ளிச் சின்னம்.

காரின் பக்கக் கண்ணாடியில் தன் பிம்பத்தோடு சண்டையிடும் மைனா. உள்ளே அதே கண்ணாடியைப் பார்த்துத் தலைவாரும் ஓட்டுநர். (ஃபோகஸ் தவறியது. வருத்தம்.)

வாயிலில் நிமாய்தாவும் லாலுவும். இதுவே இன்றைய சிறந்த படம். நிமாய்தா ('தா', 'தாதா' என்றால் இங்கே அண்ணன்) எங்கள் இரவுக் காவலர். லாலு வாயிலையே வீடாகக் கொண்ட செந்நிறத் தெருநாய். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் நிமாய்தா, குரங்குக் குல்லாவும் போர்வையுமாக, தலை பின்னால் சாய, வாய் பிளந்து நல்ல உறக்கம். மற்றதில் லாலு நிமிர்ந்து உட்கார்ந்து, காதுகளை விறைத்து, வாயிலை நோக்கியபடி.

இடது ஓரத்தில் வேறொரு ஆள் நின்றிருந்தார். அவரை வெட்டிவிட்டேன். நகைச்சுவைப் படத்துக்கு நான் வகுத்துக்கொண்ட விதிகள் மூன்று: தீனி காட்டி அழைக்கலாகாது, தொந்தரவு செய்யலாகாது, சிரிப்புக்கு உதவாத எதுவும் படத்தில் இருக்கலாகாது.

காலை உணவுக்கு முன் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் இட்டேன். தலைப்பு: "இருவரில் காவலில் இருப்பவர் யார்?" மதியத்துக்குள் முகம் நிறையச் சிரிக்கும் பொம்மைகள். இதுவரை என் படம் எதற்கும் இத்தனை வந்ததில்லை.

மாலை முழுவதும் குழாயில் தண்ணீர் இல்லை. காரணம் தெரியவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

பனி நீடிக்கிறது. தண்ணீர் வராத காரணம் தெரிந்தது: ஞாயிறு இரவில் பம்ப் அறையின் செப்புக் கேபிளை யாரோ அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் சுந்தரேசனிடமிருந்து தொலைபேசி. வங்கி அதிகாரியாக இருந்தவர், சென்னைக்காரர்.

"சார், உங்க போட்டோவைப் பார்த்து என் ஒய்ஃப் காபியைச் சிந்திட்டா. இப்ப அதே போட்டோதான் நமக்குக் கைகொடுக்கப் போகுது."

"எதற்கு?"

"கேபிள் போச்சே? செக்யூரிட்டி ஏஜென்சிக்காரன், எங்க ஆள் கண்ணை மூடவே இல்லைன்னு சாதிச்சான். படத்தை அனுப்பினேன். ஆள் கப்சிப். வாட்ச்மேனை மாத்தறேன்னுட்டான்."

"ஒரு படத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பது சரியாகாது. முழுவதையும் பார்க்க வேண்டும்."

"இன்னும் என்ன சார் பார்க்கணும்? வாய்க்குள்ள ஈ போறது தெரியுது!"

அவரே சிரித்து, அவரே வைத்துவிட்டார். நான் திரும்ப அழைக்கவில்லை. காரணங்கள்: தொலைபேசி வாக்குமூலத்துக்கான இடம் அன்று, முழுப் படத்தை நான் இன்னும் சரிபார்க்கவில்லை, அவசரத்தில் சொன்னதைப் பிற்பாடு திருத்த நேர்வது சொல்லாமல் இருப்பதைவிடத் தீது.

இரவு கணினியில் சரிபார்த்தேன். இடது ஓரத்தில் நிற்பவர் பகல் காவலர். சீருடையில், தொப்பியுடன், பால் வண்டிக்காகத் தடுப்புக் கம்பியை உயர்த்திக்கொண்டிருக்கிறார். ஆகவே நிமாய்தாவின் பணி அப்போதே முடிந்துவிட்டது. அவர் மடியில் துணிப்பை. முதல் பேருந்துக்காகக் காத்திருந்தவர் கண்ணயர்ந்திருக்கிறார்.

வசந்தா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அப்போ டூட்டி முடிஞ்சு பஸ்ஸுக்கு உக்காந்திருக்காரு. அதச் சொல்லிர வேண்டியதானே? குரூப்ல ஒரு வரி போட்டா ஆச்சு."

"ஞாயித்துக்கிழமை கமிட்டி கூடுது. எழுத்துல, முழுப் படத்தோட வைக்கேன். அரைகுறையாப் பேசினா அதையே பிடிச்சுக்கிடுவாங்க."

"ஞாயிறு வரைக்கும் அந்த மனுசன் என்ன செய்வாரு?"

"முறைன்னு ஒண்ணு இருக்கு, வசந்தா."

"இருக்கும். படத்தைப் போடையில முறை பாத்தியளா?"



ஜனவரி 7, புதன்

குளிர். குறிப்பின் முதல் வரைவு. மூன்று பத்திகள், இரண்டாவது பத்தியில் "ஐயத்திற்கிடமின்றி" என்ற சொல்லை நீக்கினேன்.

மாலை மருந்துக்காகக் கீழே இறங்கினேன். வாயிலில் ஏஜென்சியின் மேற்பார்வையாளர், தொப்பை தெரியும் இளைஞர், தன் தொலைபேசியை நிமாய்தாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்.

"இது உன் மூஞ்சியா, உன் மாமனார் மூஞ்சியா? நாயை வேலைக்கு வைத்தால் சம்பளமாவது மிச்சம்."

வங்காளத்தில் சொன்னார், எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என்னைக் கண்டதும் நிமாய்தாவின் முகம் தெளிந்தது. வக்கீல் ஐயா என்ற பொருளில் அவர் என்னை அழைப்பது 'உகில்பாபு'.

"உகில்பாபு, நீங்களே சொல்லுங்க. அப்ப பகல் ஆள் வந்தாச்சுல்ல? நீங்க அங்கேதானே நின்னீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேற்பார்வையாளர் இதை விசாரிக்கும் அதிகாரம் பெற்றவர் அல்லர். அவரிடம் நான் என்ன சொன்னாலும் அது வேறு உருவில் கமிட்டிக்குப் போய்ச் சேரும். ஆகையால், "ஞாயிற்றுக்கிழமை வரை பொறுங்கள், தாதா. எல்லாம் முறைப்படி எழுதித் தருகிறேன்" என்றேன்.

அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் நம்பிக்கைதான் இருந்தது. வேறெதுவும் இல்லை. அதனால்தான் இங்கே குறிக்கிறேன்.

மருந்து வாங்க மறந்து திரும்பினேன்.

ஜனவரி 8, வியாழன்

வாயிலில் புது ஆள். நிமாய்தாவின் லத்தி அவர் கையில். லாலு வழக்கம்போல நாற்காலியில். கேமராவை எடுத்துச் செல்லவில்லை.

குறிப்பின் இரண்டாம் வரைவு. படத்தின் அச்சுப் பிரதிகள் இரண்டு: வெட்டியது, வெட்டாதது.

ஜனவரி 11, ஞாயிறு

வெயில் தெளிவு. சங்க அறையில் தேநீரும், சிங்காடா என்னும் வங்காளச் சமோசாவும்.

இரண்டு பக்கக் குறிப்பைப் படித்தேன். முக்கிய வரி: "இம்முழுப் படம், காவலர் இரவு முழுவதும் விழித்திருந்தார் என நிறுவவில்லை, ஆனால் அவர் காவலின்போது உறங்கினார் என்பதற்கு இருந்த ஒரே சான்று இதனால் இல்லாமலாகிறது." அந்த வாக்கியத்தில் இப்போதும் ஒரு சொல்லையும் மாற்றுவதற்கில்லை.

சுந்தரேசன் இரு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது.

"சார், இதை நான் ஃபோன் பண்ணப்பவே சொல்லியிருக்கக் கூடாதா? அன்னிக்கே நிறுத்தியிருப்பேனே."

"எழுத்தில் தருவது முறை என்று நினைத்தேன்."

"இப்ப புது ஆள் வந்தாச்சு. ஏஜென்சி திரும்ப எடுக்க மாட்டான், அவனுக்கு மானப் பிரச்சினை. ஆனா உங்க நோட்டை ரெக்கார்டுல ஏத்திடறோம். அது கண்டிப்பா."

பதிவில் ஏற்றினார்கள். அடுத்த பொருள்: வாயிலில் நாற்காலிகள் தேவையா? உட்கார இடம் இருப்பதால்தான் உறக்கம் வருகிறது, நாயும் ஏறுகிறது என்று ஒருவர் சொன்னார். இரண்டு நாற்காலிகளையும் அகற்ற ஒருமனதான தீர்மானம். நான் கமிட்டி உறுப்பினன் அல்லேன், வாக்கில்லை. வாயைத் திறக்க வாக்குத் தேவையில்லை என்பது படியேறும்போதுதான் தோன்றியது.

இரவு முழுப் படத்தைக் குழுவில் இட்டேன், விளக்கத்துடன். மூன்று கட்டைவிரல்கள். ஒரு பதில், ஐந்தாம் மாடி இளைஞரிடமிருந்து: "முதல் படம்தான் நன்றாக இருந்தது அங்கிள். இடது பக்கத்து ஆள் ஜோக்கைக் கெடுக்கிறார்."

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

ஈச்ச வெல்லத்தில் பொங்கல். இங்கே தை பிறக்கும்போது அதுதான் மணக்க மணக்கக் கிடைக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் முதல் கிண்ணம் வாயிலுக்கு. நான் போகவில்லை. வசந்தா கொண்டுபோனாள். நெடுநேரம் கழித்து வந்தாள்.

"நின்னுக்கிட்டேதான் தின்னாரு பகல்காரரு. உக்கார எங்க இருக்கு?"

"என்ன சொன்னாரு?"

"உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல. நிமாய்தா நம்பர் தந்தாரு. மூணு எடத்துல வேலை கேட்டுப் போனாராம். மூணு எடத்துலயும் போனை எடுத்துக் காட்டிச் சிரிக்கானுவளாம். படம் எங்கெல்லாமோ போயிருக்கு."

"முழுப் படமா?"

"முழுப் படத்தை யாரு அனுப்புவா?"

எண்ணை எழுதிய சீட்டைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுத் தட்டு கழுவப் போனாள். பொங்கலில் இனிப்பு கூடுதல். சொல்லவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

காலை முதல் துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூர். பனி இல்லை, லாரிப் புகை.

செல்வராஜ் தூத்துக்குடிக்காரர், துறைமுகச் சரக்குகளை விடுவித்துத் தரும் ஏஜென்ட், பணிக்காலத்திலிருந்தே பழக்கம். கிடங்குக்கு இரவுக் காவலர் வேண்டும் என்று முன்பொரு முறை சொல்லியிருந்தார். நிமாய்தாவைப் பேருந்து நிறுத்தத்துக்கு வரச் சொல்லி உடன் அழைத்துச் சென்றேன். போர்வை இல்லை. முகச்சவரம் செய்து, எண்ணெய் தடவித் தலைவாரியிருந்தார். குல்லா இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை என்பது அப்போது உறைத்தது. வழுக்கை, சிறிய காதுகள். வழியில் என்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. லாலு சாப்பிடுகிறதா என்று மட்டும் கேட்டார்.

"வாங்க அண்ணாச்சி! என்ன, ரிட்டயர் ஆனதும் இந்தப் பக்கமே காணோம்?" என்ற செல்வராஜ், நிமாய்தாவை உற்றுப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார். நான் அஞ்சியதுதான்.

"அண்ணாச்சி, இது அந்த ஆளுல்லா? நாய் டூட்டி பாக்குமே! எம் மச்சான் துபாய்ல இருந்து அனுப்பினான். விழுந்து விழுந்து சிரிச்சோம்."

"அந்தப் படத்தை எடுத்தவன் நான்தான், செல்வராஜ். அது முழுப் படம் இல்லை."

உடனே சொன்னேன். பகல் காவலர், தடுப்புக் கம்பி, பால் வண்டி, துணிப்பை. எழுதி வைத்துக்கொள்ளாமல் முழுவதும் சொன்னேன். செல்வராஜ் கேட்டார். சங்கடத்தோடு கழுத்தைச் சொறிந்தார்.

"நீங்க சொன்னா சரிதான் அண்ணாச்சி. ஆனா ஓனர் மார்வாடி, அவரு கிட்டயும் இந்தப் படம் இருக்கு. அவரு கிட்ட நான் எப்படிப் பேச?" பிறகு நிமாய்தா பக்கம் திரும்பி, இந்தியில், சிரித்துக்கொண்டே: "முழிச்சிக்கிட்டு இருக்கற மாதிரி ஒரு போட்டோ கொண்டு வா. அதை ஓனர்கிட்டக் காட்டறேன்."

வேடிக்கையாகச் சொன்னார். நிமாய்தா வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே வந்ததும் கிடங்குச் சுவரோரம் போய் நின்றார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டார்.

"உகில்பாபு, கேமரா பையில இருக்கா? எடுங்க. இந்த வாட்டி கண்ணு திறந்திருக்கட்டும்."

"அவர் சும்மா சொன்னார், தாதா."

"சொன்னாரில்ல? எடுங்க."

எடுத்தேன். முதன்முறையாக ஒருவரின் அனுமதியோடு, அவர் கேட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்க. கைவண்டிக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். புழுதி பறந்தது. அவர் இமைக்கவில்லை. கண்ணில் நீர் கோத்தும் இமைக்கவில்லை. "இன்னொண்ணு", "இன்னொண்ணு" என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 21, புதன்

மீண்டும் பனி. நேற்றைய படங்களைக் கணினியில் ஏற்றினேன். ஃபோகஸ் சரி. வெளிச்சம் சரி. எதையும் வெட்டவில்லை; சுவர், லாரிச் சக்கரம், கைவண்டி, ஓரத்தில் என் நிழல், எல்லாம் உள்ளபடி.

எல்லாப் படங்களிலும் அதே முகம். புருவம் நெற்றிக்கு ஏறி, வெண்விழி முழுதும் தெரிய, மூச்சைப் பிடித்துக்கொண்டு. இவற்றில் ஒன்றை இன்றே செல்வராஜுக்கு அனுப்ப வேண்டும். நாளை என்று தள்ள மாட்டேன் என்று வசந்தாவிடம் சொல்லியிருக்கிறேன். எதை அனுப்புவது என்று முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வசந்தா காபியோடு வந்து பின்னால் நின்றாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"யாருங்க இது, இப்படி முழிக்காரு?"