ஆந்தைப் பெட்டிக்கு ஒரு குழாய்

3.3.2024

இன்றும் என் வீட்டுக்காரர் செல்வா தனியாகத்தான் ஏணி ஏறினார். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் எலி பிடிக்க வளர்க்கும் ஆந்தைகளுக்கு உயரத் தூண்களில் பெட்டி. உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பது இவர் வேலை. எப்போதும் கழுத்தில் நீலத் துண்டோடு கீழே ஏணி பிடித்த உடையப்பன் அண்ணன் தைப்பூசத்துக்கு மறுநாள் மாரடைப்பில் போய்விட்டார். பதில் ஆள் இன்னும் வரவில்லை.

"ஏணி ஆடவே இல்ல லா, லோகேஸ்." பெரிய வீரர்! தரையில் நின்றே பெட்டிக்குள் பார்க்க ஒரு குழாய் செய்யப் போகிறேன். கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து இதுகூடத் தெரியாதா?

9.3

ரெசின் பிசினை அச்சில் ஊற்றி இரண்டு முப்பட்டகம் வார்த்தேன். பற்பசை போட்டுத் தேய்த்ததில் தோள்பட்டை போயிற்று. சாய்ந்த பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டை ஒட்டி, குழாயின் இரு முனையிலும் பொருத்தினேன்.

10.3

வாசலிலிருந்து பார்த்தேன். தூண் இரண்டு, பெட்டி இரண்டு, ஏணியில் செல்வாவும் இரண்டு. கண்ணாடி ஒட்டிய இடத்தில் காற்று புகுந்திருக்கிறது. ஆனால் ஏணியடியில் நின்றது யார்?

"யாரு வருவா? நான் மட்டும்தான்," என்றார்.

அதுவும் அவருடைய இரட்டை உருவம்தான். வேறென்ன.

12.3

சோறு இறங்கவில்லை.

16.3

கண்ணாடியைப் பெயர்த்து மறுபடி ஒட்டினேன். இம்முறை ரெசினை வெந்நீரில் வைத்து, ஓரத்திலிருந்து மெதுவாகச் சாய்த்து, ஒரு குமிழிகூட இல்லாமல்.

17.3

தூண் ஒன்று. பெட்டி ஒன்று. செல்வா ஒருவர். ஏணியடியில் மட்டும் — இன்னும். கழுத்தில் அந்த நீலத் துண்டு. குழாயை இறக்கினால் யாருமில்லை.

ஐயோ, இவரை இழுக்க நிற்கிறாரா? கூடவே கூட்டிக்கொண்டு போகவா?

18.3

செல்வா கையில் குழாயைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணன்தான்," என்றார். பிறகு அழுதார். "இனிமே ஏறல."

23.3

செல்வா குழாயை நீட்டித் தரையில் நின்றே பார்த்தார். மூன்று குஞ்சு. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஏணி அதே தூணில் சாய்ந்திருந்தது. அண்ணனும் அங்கேயே, ஏணியைப் பிடித்தபடி.

24.3

பட்டப்பகல். செல்வா பின்னால் நிற்க, நான்தான் அருகில் போனேன்.

"அண்ணே, விடுங்கண்ணே. இவரு இனிமே ஏற மாட்டாரு."

காற்றே இல்லை. ஏணி மெல்லச் சரிந்து புல்லில் விழுந்தது.

செல்வா தூக்கப்போய் அதன் அடியைத் திருப்பிக் காட்டினார். ஏணியின் ஒரு காலைத் துரு முழுக்கத் தின்றிருந்தது. அது எப்போதோ முறிந்திருக்க வேண்டியது.