ஜாடிக்காரரின் பல்செட்டு

மே 28

இதை எழுதுவதற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் — யாரிடம் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் தன்னைப் பற்றி எழுதிக்கொண்டவர் எவருமில்லை. பட்டம் வாங்கியவளுக்கு வந்த திமிர் என்பாள் மோசெல் அத்தை. சொல்லட்டும். வாயால் சொல்ல முடியாததை வேறெங்கே வைப்பது?

லூயிவில்லில் படிப்பு முடிந்து வந்தபின் இன்றுதான் மறுபடி விரல்களில் உலோகத் தையல் விரலுறைகளை மாட்டிக்கொண்டு, எங்கள் ஜாடி பேண்டின் தாளத்துக்குத் துணி துவைக்கும் தகரப் பலகையைத் தேய்த்தேன். நீதிமன்றப் புல்வெளியில் தேவாலயத்தார் வைத்த மீன் விருந்து. அப்பா அடிக்குரலுக்குக் காலி ஜாடியின் வாயில் உதட்டை அதிரவிட்டு ஊத, அத்தை கவிழ்த்த தொட்டியில் கட்டிய கயிற்றைச் சுண்ட, அவள் மகன் ஓடெல் பாஞ்சோ மீட்டினான்.

வாசிக்கும் முன் அப்பா பல்செட்டைக் கழற்றிவிடுவார். அது வாயில் இருந்தால் உதடு சரியாக அதிராது. ஜாடிக்குள் வெறும் காற்றுதான் போகும். கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது வழக்கம். இன்று புதுச் சட்டை, பை இல்லை. கூட்டத்துக்கு முன்னால் என்னிடம் நீட்டினார்.

"பாப்பா, இதைக் கொஞ்சம் புடி."

முன்வரிசையில் என் நூலக மேலதிகாரி திருமதி ஹாஸ்கெல், மடியில் கெளுத்தி மீன் தட்டோடு.

நான் விரலுறைகளைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு தன் தொப்பியைக் கழற்றி அதற்குள் போட்டார். "கவலப்படாதீங்க, யாரையும் கடிக்காது" என்றார் கூட்டத்திடம். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அவர் ஊதியபோது புல்தரையே உறுமியது. நான் மட்டும் தலை நிமிரவில்லை.

மே 29

எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பாரா? இல்லை. அவருக்குத் தெரியும்.

ஜூன் 9

நூலகத்தின் நூற்றாண்டு விழாவில் எங்களை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒத்திகையில் நான்தான் ஆரம்பித்தேன். என்னோடு படித்த டிரென்ட் என்பவன் பாஸ் கிட்டார் வாசிப்பான், அடிக்குரலுக்கு அது போதும், உள்ளரங்கில் ஜாடி எடுபடாது என்று. எடுபடாது! எங்கிருந்து வந்தது அந்தச் சொல்?

"ஜாடி இல்லாத ஜாடி பேண்டாடி?" என்றாள் அத்தை. "மீன் இல்லாம மீன் விருந்து வைப்பியா? காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுத்தானா?"

ஓடெல் அப்பாவைப் பார்த்தான். அப்பா முந்திக்கொண்டார். "விடு மோசெல். எனக்கும் மூச்சு முன்ன மாதிரி இல்ல. நான் சாமான் ஏத்தி இறக்குறேன்."

மூச்சில் என்ன குறை? காலையில்தான் ஆற்றங்கரை மேட்டைப் பாடிக்கொண்டே ஏறினார்.

ஜூன் 10

யாராவது திட்டினால் தேவலை.

ஜூன் 21

விழா முடிந்தது. டிரென்ட் ஒரு பிழையும் செய்யவில்லை. கூட்டத்தில் ஒரு காலும் தாளம் போடவில்லை.

ஜாடியை யாரோ மேடையோரம் வைத்துச் சூரியகாந்திப் பூக்களைச் செருகியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ — தண்ணீர் ஊற்றியது நான். அப்பா பின்சுவர் ஓரமாக, டை கட்டி, பல்வரிசை முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் கைதட்டினார்.

முடிந்ததும் திருமதி ஹாஸ்கெல் வந்தார். "உங்கப்பா எங்கேம்மா? அவர் ஊதுறதைக் கேக்கணும்னுதான் என் தங்கச்சியை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன்."

"உடம்பு சரியில்லை" என்றேன்.

அப்பா எனக்குப் பின்னால்தான், அவர் கண்ணில் படாமல் மேடைத் திரை மறைவில், தொட்டியோடு நின்றிருந்தார். திரும்பிப் பார்த்தேன். தொட்டிக் கயிற்றைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்.

ஐயோ, என்னிடமிருந்து கற்றுக்கொண்டாரா அதை?

ஜூன் 22

எனக்கு வெட்கம் தந்தது எது? அந்தப் பல்லா? அதைத் தொட மாட்டேன் என்ற இந்தக் கையா?

ஜூன் 30

டிரென்ட் விலகிவிட்டான், கல்யாண வீடுகளில் வாசிக்கும் குழு ஒன்று கூப்பிட்டதாம். "போகட்டும்" என்றாள் அத்தை. "அவன் வாசிச்சா என் தொட்டிக்கே தூக்கம் வருது."

ஜாடியைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும்தான்.

ஜூலை 1

திருமதி ஹாஸ்கெலிடம் சொல்லிவிட்டேன். "அப்பாவுக்கு உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் வாசிக்க வேண்டாம்னேன்."

"ஏன்?" என்றார்.

காது வரை சுட்டது. அவர் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே, "நாலாந்தேதி சுதந்திர தினத்துக்கு நீங்க வாசிக்கிறப்போ படகுத்துறைக்கு வரேன்" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 4

காலையில் ஜாடியிலிருந்த அழுகிய தண்டுகளைக் கொட்டி, உள்ளே கை எட்டாத இடமெல்லாம் மணல் போட்டுக் குலுக்கிக் கழுவி, வெயிலில் கவிழ்த்தேன். அப்பா பார்த்தார்.

படகுத்துறையில் சாமான் இறக்கும்போது அப்பா ஜாடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். என் பக்கத்து நாற்காலியைக் காட்டினேன். "அது உங்க இடம்பா."

உட்கார்ந்தார். பல்லைக் கழற்றக் கை வாய்ப்பக்கம் போகவே இல்லை. முன்வரிசையில் திருமதி ஹாஸ்கெல் இருப்பதைப் பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து, "பல்லோடவே ஊதிப் பாக்குறேன் பாப்பா" என்றார் மெதுவாக.

முதல் பாட்டு முழுக்க ஜாடியிலிருந்து காற்றுதான் வந்தது. யாரோ பின்னாலிருந்து, "தாத்தா, ஜாடி காலியா?" என்று கத்தினார்கள். அப்பா ஜாடியை மடியில் இறக்கி, அதன் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

நான் வலக்கை விரலுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் போட்டேன். ஓடெல் அடுத்த பாட்டைத் தொடங்காமல் நிறுத்தினான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெறுங்கையை அப்பா முன்னால் நீட்டினேன்.

"பல்லைக் கழட்டி என்கிட்ட குடுங்கப்பா. நான் வச்சிருக்கேன்."