ஸ்பானர் போடாத அரைச் சுற்று

பிராக், மார்ச் 9

அன்பு மகள் ராத்காவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், உன் சுகத்தை உன் கையெழுத்திலேயே பார்த்துக்கொண்டோம். சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், இந்த வீட்டுத் தலைவரின் மீசை நேற்றுக் காலை கண்ணாடி முன் கத்தரி வழுக்கிக் காலமானது. பாதி போனபின் மீதியை வைத்து என்ன செய்ய, அதையும் அனுப்பிவைத்தேன். உன் அம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்து, "புளுகுற உதடு எப்படி இருக்கும்னு முப்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு முட்டைக்கோஸ் சூப்பைக் கிளறப் போய்விட்டாள். சிரிக்க ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை. உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது.

வெலிங்டனில் அந்த ஆய்வுக்கூடம் கூப்பிடுகிறது, மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார்கள், வரவில்லை என்று சொல்லப்போகிறேன், என் கைக்கு ஹீலியம் ஒத்துவராது என்று எழுதியிருக்கிறாய். கை என்றால் என் கையைச் சொல். முப்பத்தோரு வருஷம் பல்கலைக்கழகத்துக் குளிர் ஆய்வுக்கூடத்தில் குழாய் பூட்டியவன், நான் பூட்டிய இணைப்பில் எறும்பு மூச்சளவு காற்றும் நுழைந்ததில்லை என்று கல்யாண வீடுகளில்கூடப் பீற்றியவன். ஆறு வருஷத்துக்கு முன், நீ அங்கே ஆய்வு மாணவியாக இருந்தபோது நடந்த அந்த நாள் உனக்கு மறந்திருக்காது. பச்சை லேசர், கண்ணாடிச் சன்னலுக்குள் கடுங்குளிரில் திரவமான ஹீலியம், அதில் கண்ணுக்கே தெரியாத சுழல்கள். நீ ஹீலிய வாயுவோடு கலந்த கன ஹைட்ரஜன் உள்ளே போய்ப் பனித்தூளாகி, அந்தச் சுழல்களில் மணிமணியாக ஒட்டி அவற்றைக் காட்ட வேண்டும். வந்ததோ கிழிந்த தலையணைப் பஞ்சு, கட்டிகட்டியாக விழுந்து அடியில் படுத்துக்கொண்டது. பேராசிரியர், "கலவைதாம்மா தப்பு, புத்தி வேற, கைப்பழக்கம் வேற" என்றார். அதன்பிறகு நீ அந்த அறைக்குள் வரவேயில்லை, பள்ளிக்கூட வேலை என்று கடல் தாண்டிவிட்டாய். நீ போன மறுவாரம் உன்னோடு படித்த மிலோஷ் உன் கலவையையே ஒரு புள்ளி மாற்றாமல் உள்ளே விட்டான், சுழல்கள் நூலில் கோத்ததுபோல் நின்றன. அவன் முதுகில் நானும் தட்டினேன்.

ராத்கா, அன்று காலை புதிதாகச் சேர்ந்த மாணவியிடம் வாளியைக் கொடுத்து, கீழ்த்தளத்தில் போய் வெற்றிடம் பிடித்து வா என்று, புதுசாக வருபவர்களை ஏய்க்கும் என் வழக்கமான கேலிக்காக அனுப்பியிருந்தேன். அவள் வாளியை மூடி, சிந்தாமல் நடந்துவருவதை ஒளிந்து பார்க்க ஓடியவன், உன் வாயுக் குழாயின் திருகைக் கையால் போட்டதோடு சரி. ஸ்பானரால் கடைசி அரைச் சுற்றுப் போடவில்லை. அந்த இடுக்கில் புகுந்து உறைந்த வெளிக்காற்றுதான் நீ பார்த்த கட்டி. சாயங்காலம் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு வீட்டுக்கு வந்து, "விடும்மா, எல்லாருக்கும் நடக்குறதுதான்" என்று உனக்கு ஆறுதல் வேறு சொன்னேன். ஹீலியத்தில் அரைச் சுழல் என்று ஒன்று கிடையாது, இருந்தால் முழுசு. உனக்கு நான் அரை உண்மைகூடத் தரவில்லை.

உன் கலவை சரி, உன் கையும் சரி. என்னைத் திட்டி ஒரு கடிதம், அவர்களுக்குச் சரி என்று ஒரு கடிதம், இரண்டையும் எழுது, இரண்டாவதை முதலில் தபாலில் போடு. அங்கே காற்று அதிகமாமே, காதை மூடிக்கொள். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

உன் அப்பா,
பொஹுமில்

மேலே எறும்பு மூச்சு என்று எழுதியதை அடிக்கப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. நீயே அடித்துக்கொள். பேராசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை. இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே அங்கேதான் போகிறேன், மறைத்துக்கொள்ள மீசையும் இல்லை.