ஏணித் தலையில் இருந்த கயிறு

மச்சான்,

இன்று காலை சிம்பாங் பூலாயில் ஒரு கடைவீட்டுக்குப் பீலி பொருத்திக்கொண்டிருந்தோம். கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் வாங்கும் தகரப் பீலி. நீங்களும் நானும் சேர்ந்து பிழைத்த அதே வேலை. இரண்டு தகரம் சேரும் இடத்தில் திராவகம் தடவி, ஈயம் பற்றவைக்கக் காய்ந்த இரும்பை வைத்தேன். தொண்டையைப் பிடிக்கும் அந்த வெள்ளைப் புகை எழுந்ததும் நீங்கள் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. இறங்கி வந்து முகம் கழுவினேன். செத்து நாலு மாதமாகியும் என்னை ஏணியிலிருந்து இறக்குகிறீர்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். புகழ்ந்து எழுதப்போவதில்லை.

ஈப்போவில் அந்தச் சீனர் தகரக்கடையில் நாம் இருவரும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். அக்கா புருஷன் என்பதால் நீங்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். நீங்கள் மேஸ்திரியானபோதும் ஆட்டினேன். உங்களுக்கு வேகம் பெருமை. அடுத்தவன் ஒரு பக்கம் முடிப்பதற்குள் நாலு பக்கமும் முடித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சுக்காக எத்தனை பேரை ஈரத் தகரத்தில் ஏற்றினீர்கள்! கேட்டால், "பயந்தவன் லயத்துக்குப் போய்ப் படுலா" என்பீர்கள்.

பிறகு நாம் குடும்பத்தோடு லயத்து வரிசைவீட்டில் தங்கி வேலை செய்த சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் காய்ச்சப் புதிதாகக் கட்டிய ஸ்டோரை மறந்திருக்க மாட்டீர்கள். மூன்று ஆள் உயரம். நீங்கள், நான், கோவிந்தன் மூவரும்தான் கூரைவேலை. கோவிந்தன் நம் லயத்துக்காரன், தைப்பூசத்துக்கு விரதமிருந்து கழுத்தில் மாலையோடு இருந்தான். மறுநாள் துரை பார்க்க வருகிறார் என்று காலையிலேயே குதிக்கத் தொடங்கினீர்கள். விடியலில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாரம் கட்டிவிட்டு ஏறலாம் என்றேன்.

"சாரம் கட்டி முடியறதுக்குள்ள துரை வந்து போயிருவாரு. ஏணி போதும், மாப்ளே."

சரி, ஏணியாவது ஒழுங்காக நிற்கட்டும் என்று நானே கால் இரண்டையும் முளையடித்துக் கட்டினேன். ஏறிப்போய் ஏணித் தலையைக் கூரைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அதன் பிறகுதான் கோவிந்தன் ஏறினான். பீலியைத் தாங்கும் கொக்கிகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தான். நான் கீழே, கட்டட மூலையில் உட்கார்ந்து, சுவரோரம் இறங்கும் குழாய்க்கு வாய் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் குழாயை மேலே தூக்க உங்களுக்குக் கயிறு வேண்டியிருந்தது. இன்னொரு கயிறு ஸ்டோருக்குப் பின்னால் கிடந்தது. இறங்கி நடந்துபோய் எடுத்துவரச் சோம்பல். கூரைமேல் இருந்த நீங்கள் குனிந்து, ஏணித் தலையில் நான் கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்தீர்கள். கோவிந்தன் ஏணியில் நிற்கிறான். உங்களுக்கு முதுகைக் காட்டி, பக்கவாட்டில் எட்டி அடித்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை நீங்கள்.

நான் பார்த்தேன். "மச்சான்!" என்று கத்துவதற்குள் ஏணித் தலை தகரத்தில் சறுக்கியது. அவன் பீலியைப் பிடித்தான். ஆளைத் தாங்குமா அது? பீலியும் அவனும் சேர்ந்தே விழுந்தார்கள்.

விழுந்ததைக்கூட நான் மன்னித்திருப்பேன். அவசரம், புத்தி கெட்டுப்போச்சு என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு நீங்கள் செய்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நான் கீழே கோவிந்தன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆள் கூப்பிட்டுக் கதறுகிறேன். நீங்கள் கூரைத் தூணைப் பற்றிச் சறுக்கி இறங்கி வந்தீர்கள். அவன் பக்கம் திரும்பாமல் ஏணியை எடுத்து நிமிர்த்தினீர்கள். மறுபடி ஏறினீர்கள். கயிற்றைப் பழையபடி கட்டினீர்கள். நிதானமாக, இரண்டு சுற்றுச் சுற்றி.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஓடிவந்தபோது ஏணி கோயில் தூண் மாதிரி நின்றது. "கட்டித்தான் இருந்துச்சு, ஐயா. கள்ளைக் குடிச்சிட்டு ஏறிட்டான்லா," என்றீர்கள். மாலை போட்டவனைப் பார்த்து அந்தப் பொய்.

கிராணி யாழ்ப்பாணத்து மனிதர். என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீர் கண்டனீரோ?"

அக்கா கூட்டத்தில் வந்து நின்றிருந்தாள். எட்டாவது மாதம். வயிற்றில் கைவைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "நான் அந்தப் பக்கம் இருந்தேன், ஐயா. பாக்கலை," என்றேன்.

மூன்றாம் நாள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கோவிந்தனுக்கு இடுப்பு நொறுங்கியிருந்தது. குடித்துவிட்டு விழுந்தவன் என்று எழுதியாகிவிட்டது, உடம்பு தேறியதும் தோட்டத்தை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று கங்காணி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"போறது போகட்டும் அண்ணே. விரதத்துல குடிச்சேன்னு எங்க ஆத்தா நம்பிருச்சு. வந்து பாக்கக்கூட மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அது கேக்கும்."

உண்மையை யார் மறைத்தது என்று அவனுக்குத் தெரியாது. என்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறான்.

அங்கிருந்து நேரே கிராணி ஆபீசுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அண்டைக்குக் காணேல்லை எண்டீர். இண்டைக்கு எப்பிடிக் கண்ணிலை பட்டது?"

"அன்னிக்குப் பொய் சொன்னேன், ஐயா."

"துரையிட்டை உம்மடை வாயாலை சொல்லுவீரோ?"

சொன்னேன். துரை உங்களையும் அனுப்பினார், பொய் சொன்னதற்காக என்னையும் அனுப்பினார். கோவிந்தனுக்குத் தோட்டத்திலேயே உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். அவன் ஆத்தாவிடம் நானே போய்ச் சொன்னேன். அந்தக் கிழவி என் முகத்தில் துப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

ரயிலடியில் நீங்கள் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? "சொந்த அக்கா குடும்பத்தைக் கெடுத்துட்டேலா." கோவிந்தன் பிழைப்பானா என்று அப்போதும் கேட்கவில்லை. ஜெலாப்பாங்கில் குடியேறினீர்கள். அக்கா வாசலுக்கு நான் வரக்கூடாது என்றீர்கள், ஆறு வருஷம் அப்படியே போனது. மருமகள் பிறந்ததைக்கூட வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

காய்ச்சலில் நீங்கள் போன பிறகுதான் அந்த வாசலை மிதித்தேன். அக்கா அழுதுகொண்டே ஒன்று சொன்னாள். ஜெலாப்பாங்கில் எடுத்த வேலைகளில் ஏணித் தலையை நீங்களே கட்டுவீர்களாம். வேறு ஒருத்தனைத் தொடவிட மாட்டீர்களாம். ஆள் இறங்குகிறவரை அடியிலேயே நிற்பீர்களாம். "மாறிட்டாருடா," என்றாள். அதைக் கேட்டு என் மனம் இளகும் என்று நினைத்தாள் பாவம். எனக்குக் கோபம்தான் ஏறியது. ஆக, உங்களுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. ஆறு வருஷம் ஊரார் ஏணியையெல்லாம் கட்டியவருக்கு, சிலிம் ரிவருக்கு ஒரு ரயில் ஏறி, "நான்தான் அவிழ்த்தேன்" என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

போன மாதம் நான் போனேன். கோவிந்தன் கோலூன்றி நடந்துவந்து பெஞ்சில் உட்கார்ந்தான். நீங்கள் இறந்ததைச் சொன்னேன். கோலைப் பெஞ்சில் சாய்த்து வைத்துவிட்டு, "அக்கா பாவம்லா, சின்னப் புள்ளய வச்சுக்கிட்டு," என்றான். உங்களைப் பற்றி ஒரு வசவு இல்லை. பிறகு நான், மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது நான்தான் என்று முதல்முறையாக என் வாயால் அவனிடம் சொன்னேன்.

"தெரியும், அண்ணே. நீங்க கத்தினது என் காதுல விழுந்துச்சு. பாக்காம எப்படிக் கத்துவீங்க?"

ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்டபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறான்.

உங்கள்மேல் உள்ள கோபம் எனக்குப் பாரமே இல்லை, மச்சான். அதைச் சாகும்வரை சுலபமாகத் தூக்கிக்கொண்டு நடப்பேன். அவன் என்னை அண்ணே என்று கூப்பிடுவதைத்தான் தூக்க முடியவில்லை.