மரண அறிவித்தல் இல்லாத காலை

ஜூலை 14, திங்கள்
விடாத மழை. ரேடியோ நிலையத்தைக் கூட்டிப் பெருக்கி, மீட்டிங்குக்குத் தேத்தண்ணி, பிஸ்கட் வைத்தேன். கொழும்பிலிருந்து வந்த பெரிய ஆபீசர் எல்லாத்திலும் கைவைத்தார், பிஸ்கட்டில் மட்டும் கைவைக்கவில்லை. அரசாங்கம் காசைக் குறைத்துவிட்டதாம். காலையில் செத்தவர்கள் பேர் வாசிக்கிற அரைமணி நேர மரண அறிவித்தல் புதன் முதல் கிடையாது. நிகழ்ச்சியைப் போனில் படமாகக் காட்டக் கேமரா மட்டும் வருமாம்.

அறிவித்தல் வாசிக்கிற ஸ்டீபன் சேரிடம், "இனி தோட்டத்துல யாரும் சாகக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க சேர்" என்றேன். எப்போதும் என் கேலிக்குச் சிரிப்பவர், இன்று சிரிக்கவில்லை. "ஒங்க அக்காவுக்கு இப்ப எப்படிங்க?" என்று மட்டும் கேட்டார்.

அக்காள் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், நெஞ்சுச் சளியோடு படுக்கை. அவள் இருக்கிற லயத்து வரிசை வீடுகளில் போனுக்கு சிக்னல் எடுக்காது. சாவு விழுந்தால் தோட்டத்து ஆபீஸ்தான் ரேடியோவுக்குச் சொல்லும். காலையில் அவள் பேர் வராவிட்டால் உயிரோடு இருக்கிறாள். இத்தனை நாள் அப்படித்தான்.

ஜூலை 17, வியாழன்
குளிர். வாங்க வேண்டியது: சோப்பு, மண்ணெண்ணெய், அக்காளுக்குக் கருவாடு.

அறிவித்தல் நேரத்தில் சினிமாப் பாட்டு. பக்கத்து வீட்டு மாரியாயி தேயிலைக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டே, "இன்னைக்கு ஒரு சாவும் இல்லடி, நல்ல நாளு" என்றாள். அறிவித்தலை நிறுத்தினது தெரியாமல், நிஜமாகவே நம்பிச் சொன்னாள். நானும், "எமனுக்கும் லீவு குடுத்துட்டாங்க போல" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஜூலை 19, சனி
மாரியாயியின் சித்தப்பா செத்துப்போனார். பூண்டுலோயா. வியாழனே அடக்கம் முடிந்துவிட்டது. டவுனில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

"ஒரு பிடி மண்ணு போடலடி. அவர குழியில எறக்கறப்ப நான் பாட்டு கேட்டுக்கிட்டு கொழுந்து பறிக்கப் போனேன்."

எனக்கு ஒரு கேலியும் வரவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஆறிப்போனது.

ஜூலை 20, ஞாயிறு
முதல் பஸ். பனிமூட்டம். உடம்பெல்லாம் அலுப்பு. அக்காள் லயத்து வாசலில் கூட்டம். சாவு வீடு என்றே நினைத்து ஓடினேன். கிட்டப் போனால் குடத்தோடு தண்ணீருக்கு நிற்கிறார்கள்.

உள்ளே கம்பளிக்குள்ளிருந்து இருமல். பிறகு குரல்.

"என்னடி, நான் செத்துட்டேன்னு ரேடியோவுல சொன்னாங்களா?"

"அவுங்க இனி சொல்ல மாட்டாங்கக்கா. அதான் பாக்க வந்தேன்."

கம்பளியை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்ப வாராவாரம் வரணும் நீ. சரி, கருவாடு எங்க?"

பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.